லொரெய்ன் வீட்டுக் காப்ளர்

1

எங்கள் கல்யாண நாளுக்கு மகள் வந்திருந்தாள். கேக் வாங்கி வருவாள் என்று நினைத்தேன். அவள் ஒரு பை நிறைய பீச் பழமும், அட்டைக் குழாயில் அடைத்த பிசைந்த மாவும் வாங்கி வந்தாள்.

"அம்மா, நீ கிச்சன் பக்கம் வராத. நான் காப்ளர் பண்றேன். பொரிச்ச காப்ளர். ரொம்ப ஈஸி."

எளிது என்று இந்த நாட்டில் சொல்லப்படும் எதையும் நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். வருமான வரிக் கணக்கைக்கூட எளிது என்றுதான் சொல்கிறார்கள்.

காப்ளர் என்பது ஒரு தின்பண்டம். பழத்தைச் சர்க்கரையோடு தட்டில் போட்டு, மேலே மாவால் மூடி, ஓவன் அடுப்பில் வைத்துச் சுடுவார்கள். நாங்கள் இருக்கும் ஜார்ஜியா மாநிலத்தில் பீச் பழம் கொட்டிக் கிடப்பதால், கோடை வந்தால் வீட்டுக்கு வீடு இதுதான். ஓவனில் வேகும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாதவர்கள் எண்ணெயில் பொரித்துவிடுகிறார்கள். என் மகள் கயல்விழி இரண்டாவது ரகம்.

பழத்தைத் தோல் சீவி நறுக்கினாள். வாணலியில் வெண்ணெய் உருக்கி, பழம், சர்க்கரை, பட்டைத்தூள், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு எல்லாம் போட்டுக் கிண்டினாள். சாறு கெட்டிப்பட சோளமாவைக் கரைத்து ஊற்றினாள். அட்டைக் குழாயை மேடையில் ஒரு தட்டு தட்டினாள். பட்டென்று வெடித்து மாவு வெளியே வந்தது. அதை உருண்டை பிடித்து, தட்டையாக்கி, நடுவில் ஒரு கரண்டி பழம் வைத்து மடித்தாள். ஓரத்தை முள்கரண்டியால் அழுத்தினாள். நம் ஊர் சோமாஸ்தான், அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய சோமாஸ்.

எண்ணெய் காய்ந்து முதல் ஈடு போட்டதும் கூரையில் இருக்கும் புகை மணி அலற ஆரம்பித்தது. என் வீட்டுக்காரர் கலியமூர்த்தி துண்டை எடுத்துக்கொண்டு நாற்காலி மேல் ஏறி நின்று விசிறினார். இத்தனை வருஷ அமெரிக்க வாழ்க்கையில் அவர் சலிக்காமல் செய்யும் தேசப்பணி இது.

"ஒங்க கல்யாணத்துல என்ன டெஸர்ட்?" என்று கேட்டாள் கயல்.

"இதான்" என்றார் அவர், விசிறிக்கொண்டே.

"காப்ளரா?"

"காப்ளர்தான். பீச்சுக்குப் பதிலா பலாப்பழம். ஒங்கம்மாவக் கேளு, சொல்லுவா."

அவர் என்னைக் கேட்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அந்தக் கதையில் அவரைப் பற்றிய பகுதியை வேறு யாராவது சொல்வதுதான் அவருக்கு மரியாதை.

2

என் ஊர் கச்சிராயபாளையம். கோமுகி அணைக்குப் பக்கம், கல்வராயன் மலை எழும்புகிற இடம். அவர் ஊர் ரிஷிவந்தியத்துக்கு அருகே ஒரு கிராமம். நடுவில் தியாகதுருகமும் கள்ளக்குறிச்சியும் இருக்கின்றன. இரண்டு பஸ் மாறினால் போய்விடலாம்; சாலை இருந்தால்.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்துச் சாதிக்காரர்கள் தெருவில் இறங்கிய வருஷங்கள் அவை. எங்கள் பக்கத்துச் சாதிக்காரர்கள் என்று நான் சொல்வது எங்கள் சாதியைத்தான். வெளிநாட்டில் இருந்து எழுதுவதால் கொஞ்சம் தள்ளி நின்று சொல்லிப் பார்த்தேன். மற்றப் பிற்பட்டவர்களைவிட நாங்கள் இன்னும் பிற்பட்டவர்கள், எங்களுக்குத் தனியாக ஒதுக்குங்கள் என்று மார் தட்டிக் கேட்ட காலம். கேட்டதில் நியாயம் இருந்தது. எங்கள் தெருவில் பத்தாவது தாண்டியவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கலியமூர்த்தி டிப்ளமா முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல், அப்பாவின் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். நான் நர்சிங் படிப்பின் கடைசி வருஷத்தில் இருந்தேன்.

வைகாசியில் முகூர்த்தம் குறித்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்னால் சாலை மறியல் வந்தது. "கல்யாணத்த வெச்சிக்கினு நீ ஒன்னும் போவாத, வூட்லயே கெட" என்று மாமனார் மகனுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மகன் வீட்டிலேயே கிடந்தார், அப்பா கண்ணயரும்வரை. பிறகு கோடாலியை எடுத்துக்கொண்டு போய், நண்பர்களோடு சேர்ந்து, தியாகதுருகம் போகும் சாலையோரம் நின்ற பெரிய புளியமரத்தை வெட்டிச் சாலையின் குறுக்கே சாய்த்தார். நல்ல வேலைக்காரர் என்பதால் மரம் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை கச்சிதமாக விழுந்தது.

மறியல் ஒரு நாள் என்றுதான் அறிவித்திருந்தார்கள். வெட்டிய மரத்துக்கு அது தெரியாது. அங்கேயே கிடந்தது.

கல்யாணத்தன்று விடியற்காலையில் மாப்பிள்ளை வீட்டார் ஏறிவந்த வேன் அந்த மரத்தின் முன்னால் வந்து நின்றது. மாமனார் இறங்கிப் பார்த்தார். அடிமரத்தின் பருமனைப் பார்த்ததும் அவருக்குத் தலை கிறுகிறுத்துவிட்டதாம்.

"எந்த நாய்டா இத வெட்னது? இத வெட்னவன் வூட்ல ஒரு நல்லது நடக்குமா?"

வேனில் இருந்த அத்தனை பேருக்கும் விடை தெரியும். மாப்பிள்ளை தன் மாலையைச் சரிசெய்துகொண்டு, "வுடுப்பா. எறங்கி நடக்கலாம்" என்றாராம். இதை எனக்குச் சொன்னது என் நாத்தனார். அவள் வேனின் பின்சீட்டில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்துக் காலனியில் போய் ஆட்களை எழுப்பி, ரம்பத்தோடு வரச் சொன்னார்கள். அந்த வருஷங்களில் மறியல் நடக்கும்போதெல்லாம் எங்கேயோ காலனிக் குடிசைகள் எரிந்தன என்ற பேச்சும் கூடவே வரும். வர மாட்டோம் என்று சொல்ல அவர்களுக்கு எல்லாக் காரணமும் இருந்தது. சொல்லக்கூடிய நிலைமைதான் இல்லை. வந்தார்கள், கிளைகளை அறுத்தார்கள். வேன் போகிற அளவுக்கு வழி கிடைக்கவில்லை. பட்டுப்புடவைகளும் சீர்வரிசைத் தட்டுகளும் அடிமரத்தின் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கின. அங்கே ஒரு கரும்பு டிராக்டரைப் பிடித்து, டிரெய்லரில் எல்லோரும் ஏறிக்கொண்டார்கள். வழியில் வேறு மரமும் இருக்கலாம் என்று ரம்பக்காரர்களையும் ஏற்றிக்கொண்டார்கள்.

இங்கே எங்கள் வீட்டில், மாப்பிள்ளையைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது என்று பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒருவர் வந்து சொன்னார். அப்பா என் அறைக்கு வந்து நின்றார். அதுவரை என்னை எதற்கும் அவர் கேட்டதில்லை. கல்யாணத்துக்குச் சம்மதமா என்றுகூடக் கேட்கவில்லை.

"இன்னாம்மா பண்றது? நிறுத்திடலாமா?"

"வரலன்னா தானாவே நின்னுடும்பா. வர்றாங்களான்னு மொதல்ல பாக்கலாம்" என்றேன்.

பிறகுதான் தெரிந்தது. போலீஸ் அவரைத் தேடி வந்தது உண்மைதான். அவர் ஊரில் தேடிவிட்டு எங்கள் வீட்டுக்குக் கிளம்பிய ஜீப் அதே புளியமரத்தைத் தாண்ட முடியாமல் நின்றுவிட்டது. அவர் வெட்டிய மரம் அவரையே காலையில் தடுத்து, மத்தியானத்தில் காப்பாற்றியது.

கள்ளக்குறிச்சியிலிருந்து லட்டும் ஜாங்கிரியும் கொண்டுவர வேண்டிய சமையல்காரர் வரவேயில்லை. அப்பாவின் தம்பி ராஜாங்கம் சித்தப்பா பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருந்தார். அவருக்குத் தெரிந்தது பஜ்ஜியும் போண்டாவும். கடைக்கு எதிரே, மலையிலிருந்து இறக்கிய பலாப்பழம் லாரி கிடைக்காமல் குவிந்து கிடந்தது, ஈ மொய்த்தது, வாசனை தெருவைத் தாண்டி வந்தது. அழுகுவதற்குள் எடுத்துக்கொண்டு போகச் சொல்லி வியாபாரி கெஞ்சினார். சித்தப்பா சுளைகளை நறுக்கி, வெல்லப்பாகில் போட்டு வதக்கி, மைதா மாவைத் தட்டி அதற்குள் வைத்து மூடி, பஜ்ஜிச் சட்டியில் போட்டார். பெயர் கேட்டதற்கு, "இன்னா பேரு வேண்டிக்கெடக்கு? சூடா துன்னு" என்றார்.

டிரெய்லர் வந்து சேர்ந்தபோது முகூர்த்தம் தாண்டியிருந்தது. ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டி இன்னொரு நல்ல நேரத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். தலையில் கரும்புச் சோகையோடு மணையில் உட்கார்ந்தவரை அப்போதுதான் இரண்டாவது முறையாகப் பார்த்தேன். "லட்டு இல்லாம ஒரு கல்யாணமா?" என்று மாமியார் கேட்டுக்கொண்டே, சித்தப்பா பண்டத்தை மறுபடி மறுபடி எடுத்தார்.

ரம்பக்காரர்கள் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவர்கள் இலையில் அந்தப் பண்டம் சற்று உயரத்திலிருந்து விழுந்தது. ஜன்னல் வழியாக அது எனக்குத் தெரிந்தது. அன்று அதில் பார்க்க ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை.

3

கேட்ட ஒதுக்கீடு சில வருஷங்களில் வந்தது. அதற்குள் கலியமூர்த்திக்கு விண்ணப்பிக்கும் வயது தாண்டிக்கொண்டிருந்தது. மறியல் நாளில் கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருந்த அவர் தம்பிக்கு அரசாங்க வேலை கிடைத்தது. இவர் மனம் தளரவில்லை. என் நர்ஸ் வேலையை நம்பி அமெரிக்காவுக்கு வந்தார்.

எங்கள் பக்கம் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் கலியமூர்த்தி என்று ஒரே பெயர். இரண்டு பெயர் இல்லாத மனிதனை இந்த நாட்டுக் கணினி ஏற்றுக்கொள்ளாது. ஆகவே முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கமாக எஃப், என், யூ என்ற மூன்று எழுத்தை முன்னால் ஒட்டிவிட்டார்கள். வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் தபால் உறையிலும் அவர் ஃப்னூ ஆனார். "அப்பன் ஆத்தா வெச்ச பேரு இருக்கும்போது தெரியலன்னு எழுதறானே" என்று அலுவலகத்தில் போய்ச் சண்டை போட்டார். சண்டை தமிழில் நடந்ததால் அந்தப் பெண் புன்னகையோடு கேட்டுக்கொண்டாள்.

இனம் என்ற கட்டத்தில் எதைக் குறிப்பது என்று அடுத்த குழப்பம். ஆசியர் என்பதற்குக் கீழே மற்றவர் என்று ஒரு கட்டம் இருந்தது. "தனிப் பட்டியல் கேட்டு மரம் வெட்னேன். இங்க வந்து இதரவுல நிக்கறேன்" என்றார். இங்கே சாலையோர மரத்தை வெட்டினால் என்ன தண்டனை என்று அவர் விசாரித்து வைத்திருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும்.

வேலை செய்ய அனுமதி அட்டை வர வெகுநாள் ஆயிற்று. நான் ஆஸ்பத்திரிக்குப் போவேன். அவர் சமைத்து, துவைத்து, கயலைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றுவார். ஊருக்குப் போன் பேசும்போது மட்டும் "வேலையெல்லாம் ஜாஸ்தி" என்பார். பொய் இல்லை.

கயல் ஐந்து வயதில் வந்தவள். முதல் வருஷம் தமிழில் அழுதாள். இரண்டாம் வருஷம் ஆங்கிலத்தில் அழுதாள். கள்ளக்குறிச்சி என்று இப்போது அவள் சொல்லும்போது எந்த ளகரம் எங்கே விழும் என்று எங்களுக்கே தெரியாது.

4

அந்த நாட்களில்தான் பக்கத்து வீட்டு லொரெய்ன் பழக்கமானார். கறுப்பினப் பெண்மணி, தனியாக இருந்தார். நிறத்தைப் பற்றி என் வீட்டுக்காரருக்கு ஒரு தடையும் இல்லை. "நம்ம தியாகதுருகத்துல பார்த்த மாதிரி இருக்காங்க" என்று சந்தோஷப்பட்டார். லொரெய்ன் இவரை மிஸ்டர் ஃப்னூ என்று கூப்பிடுவார். அதையும் பொறுத்துக்கொண்டார்.

ஒரு நாள் நான் வேலையிலிருந்து வந்ததும் சொன்னார்:

"பக்கத்து வூட்டம்மா செருப்பு தெக்கிறவங்களாம் வசந்தா. இந்த ஜில்லாவுலயே அவங்க காப்ளர்தான் பெஸ்ட்டுன்னு அவங்களே சொல்றாங்க. ஞாயித்துக்கெழம வரச் சொல்லியிருக்காங்க."

அவர் பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலத்தில் காப்ளர் என்றால் செருப்பு தைப்பவர். நான் படித்த ஆங்கிலத்திலும் அப்படித்தான். பழத்துக்கும் மாவுக்கும் அந்தப் பெயரை வைப்பார்கள் என்று கச்சிராயபாளையத்தில் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஊரிலிருந்து போட்டு வந்த அவர் செருப்பு வார் அறுந்து கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை அதைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்.

லொரெய்ன் பையைத் திறந்து பார்த்தார். செருப்பைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். விருந்தாளியைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று நினைத்திருக்க வேண்டும். உள்ளே போய்ப் பசை டப்பாவை எடுத்துவந்து வாரை ஒட்டிக் கொடுத்தார். காயும்வரை கையில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாராம். பிறகு காப்ளரை ஒரு தட்டில் வைத்து, அலுமினியத் தாளால் மூடி, "மனைவிக்கும் குழந்தைக்கும் கொண்டு போ" என்று தந்தார்.

நானும் கயலும் சாப்பிட்டோம். எனக்குச் சித்தப்பாவின் சட்டி நினைவுக்கு வந்தது.

"நீங்க சாப்புடல?"

"வயிறு சரியில்ல. நீங்க துன்னுங்க."

அவர் பங்கையும் கயல் சாப்பிட்டாள்.

அதன்பின் என் ஆஸ்பத்திரி ஷூவின் அடி பிரிந்தபோது லொரெய்னிடம் கொடுத்துவந்தார். கயலின் சாண்டலைக் கொடுத்தார். தமிழ் நண்பர் ஒருவரின் பூட்ஸையும் வாங்கிப் போய்க் கொடுத்தார். பாவம், ஒண்டிக்கட்டை, நாலு பேருக்குச் சொன்னால் அவங்களுக்கும் தொழில் நடக்கும் என்பது அவர் எண்ணம். கூலி கொடுக்கப் போனால் லொரெய்ன் கையைத் தட்டிவிட்டு, ஒவ்வொரு முறையும் ஒரு தட்டுக் காப்ளர் கொடுத்து அனுப்பினார். ஒவ்வொரு முறையும் இவருக்கு வயிறு சரியில்லை. இனிப்பு என்றால் உயிரை விடுகிற மனிதர். அந்த வீட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்தார் என்பதை நான் கவனித்தேன். காரணமும் எனக்குப் புரிந்தது. அந்தப் பேச்சை நாங்கள் இருவரும் எடுக்கவில்லை.

கடைசியில் லொரெய்ன் என்னைத் தபால் பெட்டி அருகே நிறுத்தினார்.

"உன் கணவர் நல்ல மனிதர். ஆனால் எதற்காக எனக்குப் பழைய செருப்பாகக் கொண்டுவந்து தருகிறார்? உங்கள் நாட்டில் இது மரியாதையா?"

ஆஸ்பத்திரியில் ஒரு தோழியிடம் கேட்டேன். அவள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து அர்த்தத்தைத் தெரிந்துகொண்டு வந்தேன். காப்ளர் என்பது அந்தப் பண்டத்தின் பெயர் என்றும், லொரெய்ன் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் என்றும் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்கு வெட்கமாகிவிட்டது. கூடவே, இதைச் சொல்லாமல் விட முடியாது, முகத்தில் ஒரு நிம்மதி வந்தது.

"டிரைவரா? கவர்மெண்ட் வேலையா இருந்திருக்கும்."

அன்று சாயங்காலமே வயிறு சரியாகிவிட்டது. லொரெய்ன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அங்கேயே உட்கார்ந்து, இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டு வந்தார். அதே பழம், அதே கை.

செருப்புக் கதையைக் கேட்டு லொரெய்ன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அது எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுச் சொத்தானது. யார் வந்தாலும் சொல்லுவார். வயிற்றுக் கதையை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

5

கல்யாண நாள் விருந்துக்கு லொரெய்னும் வந்திருந்தார். இப்போது வயது எண்பதைத் தாண்டிவிட்டது. வாக்கரைத் தள்ளிக்கொண்டு நடக்கிறார். கயல் பொரித்ததை ஒரு கடி கடித்துவிட்டு, "கடை மாவு" என்றார். பிறகு, "பழம் நன்றாக இருக்கிறது" என்று பெருந்தன்மையோடு சேர்த்துக்கொண்டார்.

புளியமரக் கதையை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். கயல் அதைக் கேட்பது முதல் தடவை.

"அப்பா மரத்தைக் கொலை பண்ணாரா?" என்று தமிழில் கேட்டாள். அவளுக்கு வெட்டுவதற்கும் கொலைக்கும் தமிழில் ஒரே சொல்தான் தெரியும்.

அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. தன் ஆங்கிலத்தில், நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்: எங்களைக் கீழே வைத்திருந்தார்கள். படிப்பில்லை, வேலையில்லை. மனிதனுக்கு மனிதன் எப்படிக் கீழாவான்? அதற்காகத்தான் வெட்டினோம்.

லொரெய்ன் தலையை ஆட்டினார். "எங்கள் ஆட்களும் ரோட்டில் உட்கார்ந்தார்கள். என் அக்காவை வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள்" என்றார். இரண்டு பேரும் கை குலுக்கிக்கொண்டார்கள். பார்க்க நன்றாக இருந்தது. அதோடு முடிந்திருக்கலாம்.

அடுத்து லொரெய்ன் வழக்கம்போலச் செருப்புக் கதையை ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்த கயல் அப்பா பக்கம் திரும்பினாள்.

"எனக்கு ஞாபகம் இருக்குப்பா. ஒன்னோட பங்கு எல்லாம் நான்தான் சாப்ட்டேன். ஒனக்குத்தான் ஸ்வீட்னா அவ்ளோ பிடிக்குமே. அப்ப ஏன் சாப்டல?"

தமிழில்தான் கேட்டாள். அவளுக்கு உள்நோக்கம் எதுவும் இல்லை. அவர் என்னைப் பார்த்தார். வயிறு என்று சொன்னால் முடிந்திருக்கும். நான் அதைத்தான் எதிர்பார்த்தேன். ஆனால் சற்று முன்னால் பேசிய பேச்சு அவர் வாயிலேயே இருந்தது என்று நினைக்கிறேன்.

"செருப்பு தெக்கிறவங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன்மா. நம்ம பக்கம் அவங்க கையால வாங்கித் துன்ன மாட்டாங்க. அதான்."

எங்கள் முகங்களைப் பார்த்த லொரெய்ன், "என்ன சொல்கிறார்?" என்று கயலிடம் கேட்டார். சின்ன வயதிலிருந்து எங்களுக்கும் அவருக்கும் நடுவில் மொழிபெயர்த்தவள் அவள். இதை மட்டும் மொழிபெயர்க்காமல் அவருக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

அவரே சொன்னார். இலக்கணம் தப்பிய ஆங்கிலம்தான், அர்த்தம் தப்பவில்லை.

லொரெய்ன் வாயில் இருந்ததை மென்று முடித்தார். துடைத்துக்கொண்டார்.

"அப்படியானால் நான் பஸ் ஓட்டியவள் என்று தெரிந்த பிறகுதான் சாப்பிட்டாய்."

"ஆமாம்."

"பஸ் ஓட்டாமல் செருப்பு தைத்திருந்தால்?"

மேசையில் இருந்தவர்களில் அந்தப் பதில் தெரியாதவர் யாரும் இல்லை.

"கயல், எனக்குக் களைப்பாக இருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுபோய் விடு" என்று எழுந்தார்.

6

லொரெய்னின் குப்பைத் தொட்டியைத் திங்கட்கிழமை சாயங்காலம் சாலையோரம் இழுத்து வைப்பது என் வீட்டுக்காரரின் வேலை. பல வருஷப் பழக்கம். அந்தத் திங்கட்கிழமை அவர் போனபோது தொட்டி ஏற்கெனவே வெளியே இருந்தது. ஒரு கையில் வாக்கரையும் மறு கையில் தொட்டியையும் இழுத்து, லொரெய்னே கொண்டுவந்து வைத்திருக்கிறார். புல்லில் சக்கரத் தடம் கோணல்மாணலாகப் போயிருந்தது. இவர் அதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"நான் சொல்லாமலே இருந்திருக்கணுமா?" என்று என்னைக் கேட்டார்.

"தெரியல" என்றேன். உண்மையில் தெரியவில்லை.

கயல் தான் இருக்கும் ஊருக்குப் போய்விட்டாள். போகும்போது அப்பாவைக் கட்டிப்பிடித்தாள், ஆனால் வழக்கமாகப் பிடிக்கும் அளவுக்கு இல்லை. போனில் என்னிடம், "அவர் போராடினதும் நெஜம்தானேம்மா?" என்று கேட்டாள். நிஜம்தான் என்றேன். "அப்ப ரெண்டுமே நெஜம்" என்றாள். அவள் தமிழில் பேசிய மிக நீளமான விவாதம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் அடுப்பைப் பற்ற வைத்தார். கயல் அனுப்பிய செய்முறையைப் போனில் பார்த்துப் பார்த்து மாவைத் தானே பிசைந்தார். பழம் அடிப்பிடித்தது. ஓரம் சரியாக ஒட்டாமல் எண்ணெயில் பிளந்துகொண்டது. கருகாத சிலதைப் பொறுக்கித் தட்டில் வைத்து, "நீயும் வா" என்றார். போனோம்.

கதவைத் திறந்த லொரெய்ன் தட்டைப் பார்த்தார்.

"அதை அங்கே வை. வந்து உட்கார்."

தட்டை வாங்கிக்கொள்ளவில்லை. சமையலறைக்கு மெல்ல நடந்து போய், குளிர்பெட்டியிலிருந்து ஒரு பாத்திரத்தை எடுத்து வந்தார். அவர் செய்த காப்ளர். எத்தனை நாள் ஆனதோ, விறைத்துக் கிடந்தது. சூடுபடுத்தவில்லை. ஒரு துண்டு வெட்டி இவர் முன்னால் வைத்தார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, மேசை மேல் கைகளைக் கோத்துக்கொண்டு இவரையே பார்த்தார்.

இவர் சாப்பிட ஆரம்பித்தார். தலையைக் குனிந்துகொண்டே சாப்பிட்டார். நடுவில் நிறுத்தி, "லொரெய்ன், நான்" என்று ஏதோ தொடங்கினார்.

"சாப்பிடு" என்றார் அவர்.

தட்டு காலியாயிற்று. சிந்தியதையும் விரலால் ஒற்றி எடுத்தார்.

"இன்னும்?"

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை நோய் வந்து வெகுநாள் ஆகிறது. காலையும் மாலையும் மாத்திரை. அவர் தட்டை இரண்டு கையாலும் பிடித்து நீட்டினார். லொரெய்ன் முதலில் வைத்ததைவிடப் பெரியதாக ஒன்று வெட்டி வைத்தார். நான் ஒரு நர்ஸ். வாசலருகே நின்றுகொண்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.